வெடித்ததா, சுட்டாரா?

'துப்பாக்கி தவறுதலாக வெடித்தது' என்னும் தொடரை நம் நாளேடுகளில் பலமுறை வாசித்திருக்கிறோம். காவலர் ஒருவர் ஆயுதத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார், அல்லது பணி முடிந்து அதை ஒப்படைத்துக்கொண்டிருப்பார், அது வெடித்துவிடும். இத்தொடரின் எழுவாய் துப்பாக்கி. வினையோ தன்வினை. பருத்திக்காய் வெடிப்பதைப் போலத் துப்பாக்கியும் தானே வெடிக்கிறது. 'சுட்டார்' என்று எழுதினால் அங்கே ஒரு மனிதர் வந்து நின்றுவிடுவார். அவருடன் நோக்கமும் வந்துவிடும். விரல் அவருடையது, எண்ணம் அவருடையதன்று என்பதை ஒரே வினையில் சொல்ல வழியில்லாததால் செய்தியாளர் 'வெடித்தது' என்பதை நாடுகிறார் போலும்.

இதே இடர்ப்பாடு ஆங்கிலத்திலும் உண்டு. அமெரிக்கக் காவல்துறைகள் நெடுங்காலம் 'ஆக்ஸிடென்டல் டிஸ்சார்ஜ்', அதாவது விபத்து வெடிப்பு, என்றே எழுதிவந்தன. துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் பலர் அச்சொல்லை ஏற்கவில்லை. 'நெக்லிஜென்ட் டிஸ்சார்ஜ்', அதாவது கவனக்குறைவால் நேர்ந்த வெடிப்பு என்றே சொல்ல வேண்டும் என்றனர். பிரிட்டிஷ் இராணுவத்தில் இது வெறும் சொல்விருப்பமன்று. சிப்பாய் மீது சாட்டப்படும் குற்றத்தின் பெயரே அதுதான். குண்டு யார் மீதும் படாமல் மண்ணில் புதைந்தாலும் தண்டனை உண்டு.

உண்மையான விபத்து என ஒன்று இல்லாமலில்லை. 1944இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றின் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் ஒன்று கீழே விழுந்து வெடித்தது. மாலுமி ஒருவர் இறந்தார். விசையை யாரும் தொடவில்லை. தோட்டாவை அடிக்கும் சுத்தியைத் தடுக்க வேண்டிய உள்தகடு அன்று தன் வேலையைச் செய்யவில்லை. நிறுவனம் அந்த அமைப்பையே மாற்றியது. இங்கே 'வெடித்தது' என்னும் தன்வினை முற்றிலும் பொருந்தும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 80ஆம் பிரிவில் தரும் எடுத்துக்காட்டும் இத்தகையதே: கோடரியால் வேலை செய்பவனிடமிருந்து கோடரியின் தலை கழன்று பறந்து அருகில் நின்றவனைக் கொல்கிறது. அவனிடம் உரிய எச்சரிக்கை இருந்திருந்தால் அது குற்றமாகாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18ஆம் பிரிவாக, இதே கோடரி இருக்கிறது. 'உரிய எச்சரிக்கை' என்னும் அந்த நிபந்தனைதான் விபத்தையும் கவனக்குறைவையும் பிரிக்கும் வரப்பு.

துப்பாக்கியைப் பொறுத்தவரை உரிய எச்சரிக்கை யாது? இதற்கு மிகச் சுருக்கமான விடையைத் தந்தவர் ஜெஃப் கூப்பர். அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவர். 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, 2006இல் மறைந்தார். அவர் வகுத்துப் பரப்பிய விதிகள் நான்கு. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதே என்று கொள். அழிக்க மனமில்லாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே. இலக்கைக் குறிபார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு இன்னதென உறுதி செய்துகொள். (நீர் மொள்ளும் ஓசையை யானையெனக் கருதி அம்பு விட்ட தசரதன் மீறியது நான்காம் விதியை. அவனும் நோக்கமின்றியே கொன்றான். சாபம் அதைக் கணக்கில் கொள்ளவில்லை.)

நான்கில் மூன்றாவதே காவலருக்குப் பெரும் சோதனை. பழைய காவல் பயிற்சிப் படங்களைப் பார்த்தால் விரல் விசைமீதே இருக்கும். நம் திரைப்படச் சுவரொட்டிகளில் இன்றும் அப்படித்தான். உடலியங்கியல் ஆய்வாளர் ரோஜர் எனோகா இதன் ஆபத்தை விளக்கியிருக்கிறார். ஒருவர் திடுக்கிட்டாலோ, கால் இடறிச் சமநிலை குலைந்தாலோ, ஒரு கையால் எதையேனும் இறுகப் பற்றினாலோ, மற்றக் கையின் விரல்களும் தாமே இறுகும். அறிவு தடுப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். விரல் விசைவளையத்துக்கு வெளியே குழலோடு ஒட்டி நீண்டிருந்தால் அந்த இறுக்கத்தால் தீங்கில்லை. ஆக, வெடித்த நொடியில் குற்றம் தேடுவது வீண். விரலை அங்கே வைத்த நொடியே நாம் பார்க்க வேண்டியது.

துப்பாக்கிகள் மாறியபோது இச்சிக்கல் கூர்மையடைந்தது. ரிவால்வரின் சுத்தியை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்துவைத்தால் விசை மிக இலகுவாகிவிடும். அதனால் லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் காவல்துறைகள் அவ்வாறு இழுத்துவைக்கவே முடியாதபடி தம் ரிவால்வர்களை மாற்றின. பின்னர் ஆஸ்திரியாவின் கிளாக் வந்தது. அதில் கையால் போட்டு எடுக்கும் பாதுகாப்புத் தாழ் இல்லை. விசையை இழுக்கத் தேவையான அழுத்தமோ ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, பழைய ரிவால்வரில் பாதிக்கும் குறைவு. துடைப்பதற்காகக் கழற்றும்போதும் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். அறையில் தோட்டா கிடந்தால் அவ்வளவுதான். 1980களின் இறுதியில் கிளாக்கை ஏற்ற வாஷிங்டன் நகரக் காவல்துறையில் பத்தாண்டுகளில் 120க்கும் மேற்பட்ட விபத்து வெடிப்புகள் நிகழ்ந்ததை 'வாஷிங்டன் போஸ்ட்' 1998இல் வெளிக்கொணர்ந்தது. போதிய பயிற்சி தராமல் புதிய ஆயுதத்தைக் கையில் கொடுத்ததே காரணம் என்பது அத்தொடரின் வாதங்களுள் ஒன்று. அத்தொடர் புலிட்சர் பரிசும் பெற்றது.

நியூயார்க் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1993 முதல் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறியபோது, விசைக்குக் கடினமான வில்லைப் பொருத்தச் செய்தது. இழுவை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோவானது. வணிக வழக்கில் இதற்கு 'நியூயார்க் டிரிக்கர்' என்றே பெயர். விரலின் ஒழுக்கத்தை வில்லிடம் ஒப்படைத்த ஏற்பாடு என்றே இதைச் சொல்வேன். இதற்கும் ஒரு விலை உண்டு: கடினமான விசையை இழுக்கையில் குறி விலகும். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தருகே கொலையாளி ஒருவனைக் காவலர் இருவர் சுட்டபோது வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமுற்றனர். விமர்சகர்கள் அந்த வில்லையே சுட்டிக்காட்டினர்.

2014 நவம்பர் 20 இரவு. புரூக்ளினில் பிங்க் ஹவுஸஸ் என்னும் அரசுக் குடியிருப்பு. பணியில் சேர்ந்து இரண்டாண்டுகூட நிறையாத காவலர் இருவர் மேலிருந்து கீழாக மாடிப்படி ரோந்து வருகின்றனர். எட்டாம் மாடிப் படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. ஒருவர் துப்பாக்கியை உறையிலேயே விட்டிருந்தார். மற்றவர், பீட்டர் லியாங், இடக்கையில் அதை உருவிப் பிடித்தபடியே கதவைத் திறந்தார். ஏழாம் மாடியில், லிஃப்ட் வரத் தாமதமானதால் படியிறங்க வந்த அகாய் கர்லி என்னும் 28 வயது இளைஞர் தன் தோழியுடன் இருந்தார். ஓர் ஓசை கேட்டுத் திடுக்கிட்டதாகவும் துப்பாக்கி வெடித்துவிட்டதாகவும் லியாங் பின்னர்க் கூறினார். குண்டு சுவரில் பட்டுத் தெறித்துக் கர்லியின் மார்பில் பாய்ந்தது. விழுந்தவருக்கு முதலுதவி செய்தவர் தோழிதான், காவலர் இருவருமல்லர். உயிர்மீட்புப் பயிற்சி தமக்கு முறையாகத் தரப்படவில்லை என்று இருவருமே நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தனர்.

மறுநாள் காவல் ஆணையர் பில் பிராட்டன் கர்லியை முற்றிலும் குற்றமற்றவர் என்றார்; நிகழ்ந்ததை விபத்து வெடிப்பு என்றார். நடுவர் குழுவினர் அந்தத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி விசையைத் தாமே இழுத்துப் பார்த்தனர். விபத்தைத் தடுக்கவென்று நகரம் பொருத்திய வில், இப்போது அது விபத்தன்று என்பதற்குச் சான்றானது. இவ்வளவு அழுத்தம் விரல் தன் இடத்தில் இருந்திருந்தால் எங்கிருந்து வந்திருக்கும்? 2016 பிப்ரவரியில் கொலைக் குற்றத்துக்குக் கீழ்ப்பட்ட மரணக் குற்றத்தில், அதாவது ஆபத்தை அறிந்தும் பொருட்படுத்தாமல் உயிரிழப்பை விளைவித்த குற்றத்தில், லியாங் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஏப்ரலில் நீதிபதி டேனி சுன் அதை ஒரு படி குறைத்தார்: அறிந்திருக்க வேண்டிய ஆபத்தை அறியாமற்போன குற்றம். ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 800 மணி நேரச் சமூகப் பணி, சிறையில்லை.

அறிந்தும் பொருட்படுத்தாமை வேறு, அறிய வேண்டியதை அறியாமை வேறு. இரண்டாவதே அந்த இரவுக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன். ஆனால் எரியாத விளக்கும், கற்பிக்கப்படாத முதலுதவியும், உருவிய துப்பாக்கியோடு கதவு திறப்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்ட நடைமுறையும் குற்றக்கூண்டில் ஏறவில்லை. இழப்பீடாக 40 இலட்சம் டாலருக்குச் சற்று மேல் கர்லியின் குடும்பத்துக்கு அளிக்க 2016 ஆகஸ்டில் உடன்பாடு எட்டப்பட்டது. நியூயார்க் காவல்துறையின் ஆண்டறிக்கைகளில் இவ்வகை நிகழ்வுகளுக்கு இட்டிருக்கும் தலைப்பு விபத்துமன்று, கவனக்குறைவுமன்று: 'நோக்கமற்ற வெடிப்பு'.