துயிலும் பழியும்: நார்கொலெப்சி நோயின் வரலாறு

வகுப்பறையிற் கண்ணயரும் மாணாக்கனைச் சோம்பேறியெனக் கடிதல் ஆசிரிய உலகின் நெடுநாள் வழக்கம். மருத்துவ வரலாறு அவ்வழக்கினை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது.

அடக்கவியலாப் பகற்றுயிலை 1877இல் ஜேர்மனிய வைத்தியர் வெஸ்ற்பால் விவரித்தார். 1880இல் பிரான்சிய வைத்தியர் ஜெலினோ அதற்கு நார்கொலெப்சி எனப் பெயரிட்டார். அவர் ஆராய்ந்த நோயாளி 38 வயது வணிகர். ஆயினும் இந்நோய் பெரும்பாலும் பாடசாலைப் பருவத்திலேயே தலைகாட்டுகின்றது. பெயர் கிடைத்தும் காரணம் நூறாண்டுகளுக்கு மேலாகப் புலப்படவில்லை. உளக்குறை என்ற ஊகமும் இடையே எழுந்தது.

1998இல் விழிப்பைப் பேணும் ஒறெக்சின் என்னும் பதார்த்தம் கண்டறியப்பட்டது. அதனைச் சுரக்கும் மூளைக் கலங்கள், திடீர்த் தசைத்தளர்வுடன் கூடிய நார்கொலெப்சி நோயாளரிடம் பெரிதும் அழிந்திருந்தமை 2000இல் தெளிவாயிற்று.

அழிந்த கலங்களைப் பிரம்பு மீட்டுத்தராது. மருந்தும், குறித்த வேளையிற் சிறுதுயிலும் துணைபுரியும். கண்ணயர்வோர் அனைவரும் நோயாளரல்லர் என்பது மெய்யே. எனினும் நாள்தோறும் மாணாக்கனைக் காணும் ஆசிரியரே நோயை முதலில் ஐயுறும் வாய்ப்புடையவர். சோம்பேறி என்னும் பட்டம் அவ்வாய்ப்பையே அடைத்துவிடுகின்றது. தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.