பட்டாசு ஊர்களின் பாதுகாப்பு: நிதி யாரிடம், பொறுப்பு யாரிடம்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்ததில் குறைந்தது 38 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே சிக்கியவர்களை மீட்கவும் நடந்ததைப் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள் அவர்கள். ஆலைக்குள் இருப்பவரைக் காக்கத் தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன. வேலிக்கு வெளியே நின்றவரைக் காக்க வேண்டிய கடமை யாருடையது?

ஊரின் பாதுகாப்பு உள்ளாட்சியின் பொறுப்பு என்பதே எவரும் சொல்லும் விடை. ஆனால் பட்டாசு வட்டாரத்தில் அந்தப் பொறுப்புக்கான அதிகாரமும் நிதியும் உள்ளாட்சியிடம் இல்லை. அவை எங்கே இருக்கின்றன, எந்த மேசையில் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

எல்லைக்கோட்டின் இரு பக்கங்கள்

ஆனைக்குட்டம், சிவகாசி மாநகராட்சிக்கும் விருதுநகர் நகராட்சிக்கும் இடைப்பட்ட கிராம ஊராட்சி. அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே இங்குக் கட்டப்பட்ட அணை, விருதுநகர் நகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களிலிருந்துதான் தலித் மக்களும் பிற சாதிகளின் ஏழைகளும், அவர்களுள் பெருந்தொகையான பெண்களும், நாள்தோறும் ஆலை வேன்களில் பட்டாசு வேலைக்குச் செல்கின்றனர்.

2021இல் சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகள் இணைக்கப்பட்டு 48 வார்டுகள் கொண்ட சிவகாசி மாநகராட்சி உருவானது. வணிக நிறுவனங்கள், அச்சகங்கள், சரக்குப் போக்குவரத்து அலுவலகங்கள், பெரிய மருத்துவமனைகள் ஆகியவை நகரத்தில் குவிந்துள்ளன. வெடிமருந்தைக் கையாளும் ஆலைகளோ பெரும்பாலும் சுற்றியுள்ள ஊராட்சிகளின் எல்லைக்குள் உள்ளன. தொழிலின் செல்வம் ஒரு நிர்வாகத்திலும் அதன் ஆபத்து வேறொரு நிர்வாகத்திலும் பதிவாகும் நிலை இது.

அரசியலமைப்பு சொல்வதும் நடைமுறையும்

1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தன. நகர உள்ளாட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் தீயணைப்புப் பணிகளும் நலிந்த பிரிவினரின் நலன்களைப் பாதுகாப்பதும் இடம்பெற்றுள்ளன. ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையின் 29 பொருள்களில் நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நலன் ஒன்று. ஆனால் இப்பொருள்களை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை 243ஜி, 243டபிள்யூ ஆகிய உறுப்புகள் மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டுவிட்டன.

தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறையாகவே நீடிக்கிறது. பட்டாசு ஆலைக்கான உரிமம் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்கீழும் வழங்கப்படுகிறது. 15 கிலோ வரை வெடிமருந்து கையாளும் சிறிய ஆலைகளுக்கு மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம் அளிக்கிறார். அதற்கு மேற்பட்டவை ஒன்றிய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் செல்கின்றன. டி.ஆர்.ஓ. உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்று வட்டார மக்கள் ஆலைகளை வகைப்படுத்துவது இதனால்தான். ஆலைக்குள்ளான பணிப் பாதுகாப்பு, மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தைச் சேர்ந்தது.

இந்த வரிசையில் ஊராட்சிக்கு எஞ்சுவது வரி வசூல், சாலை, தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு. தன் எல்லைக்குள் உள்ள ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறதா, ஓர் அறையில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்பதைச் சோதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தில் உள்குத்தகை முறையே பெரும் பேசுபொருளானது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்வழக்கைத் தானாக முன்வந்து எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. உள்குத்தகை நடப்பது ஆலையைச் சுற்றி வாழ்பவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை அதிகாரமாக மாற்றும் வழி சட்டத்தில் இல்லை.

பணம் வரும் பாதைகள்

உள்ளாட்சிகளின் வருவாய் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, சொத்து வரி, தொழில் வரி போன்ற சொந்த வருவாய். தொழில் வரிக்கு அரசியலமைப்பின் 276ஆவது உறுப்பு நபருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு விதித்துள்ளது. பதிவேட்டில் பெயரே இல்லாத கூலியாட்கள் மிகுந்த தொழிலில் இந்த வரி ஆள்கணக்கைப் பிரதிபலிப்பதில்லை.

இரண்டாவது, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பகிர்வு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. மூன்றாவது, ஒன்றிய நிதி ஆணைய மானியம். 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதி ஆணையக் காலத்தில், ஊராட்சிகளுக்கும் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குமான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டது. எஞ்சிய 40 விழுக்காட்டைத்தான் உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. சம்பளமும் மின்கட்டணமும் போக, விபத்து நேரத்தில் ஆம்புலன்ஸ் நுழையும் சாலைக்கோ எச்சரிக்கைச் சங்குக்கோ கைவசம் இருப்பது மிகக் குறைவு.

பாதுகாப்புக்கும் நலனுக்கும் தனியே ஒதுக்கப்படும் பணம் வேறு பாதையில் செல்கிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கான நல வாரியம் தொழிலாளர் துறையின்கீழ் இயங்குகிறது. விபத்தில் இறக்கும் பட்டாசுத் தொழிலாளர்களின் குழந்தைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்த முதலமைச்சர், அதற்கென 5 கோடி ரூபாயை மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் வைத்தார். வரவேற்க வேண்டிய ஏற்பாடு. எனினும் பயனாளியின் பெயர் விடுபட்டால் கேட்பதற்கு அவரது ஊரில் ஒரு மன்றம் இல்லை. குடும்பம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு செல்ல வேண்டும்.

தலித் மக்களுக்கான பங்கு

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காட்டினர். பொதுச் சாலை, பொதுக் கட்டடம் ஆகியவற்றின் செலவில் ஒரு பகுதியைத் துணைத்திட்டக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்பது தலித் அமைப்புகளின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. 2024இல் தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பட்டியல் சாதியினர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலான திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்பது அதன் அளவு.

இந்நிதியின் முடிவுகள் தமிழ்நாட்டில் துறைகளின் கையில் உள்ளன. கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கான நிதியின் பெரும்பங்கை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அங்கும் குறைகள் இருந்தன. ஆனால் எந்தக் காலனிக்கு எவ்வளவு என்ற கேள்வியைக் கிராம சபையில் எழுப்ப முடிந்தது. அந்தக் கேள்விக்கு இங்கே இடம் வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பிலும் இதே அமைப்புதான். 1995ஆம் ஆண்டு விதிகளின் 17ஆவது விதிப்படி ஆட்சியர் தலைமையிலான விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தாக்குதலுக்கு வாய்ப்புள்ள பகுதிகளை அடையாளம் கண்டு பாதுகாப்பு அளிப்பதும் அரசின் சட்டக் கடமை. உள்ளாட்சியே நேரடிப் பொறுப்பாளியாக நிற்கும் இடம் துப்புரவுப் பணி. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கக் கூடாது என உள்ளாட்சியையும் ஒப்பந்ததாரரையும் சேர்த்தே தடுக்கிறது. பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழி மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. பொறுப்பாளி இன்னார் என்று சட்டம் தெளிவாகச் சொல்லும்போது இழப்பீடும் உறுதியாகிறது. முதலிப்பட்டியில் வேலிக்கு வெளியே இறந்தவருக்குப் பொருந்தும் 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தில் அன்று உயிரிழப்புக்கான நிவாரணம் 25,000 ரூபாயாக இருந்தது.

கேட்கும் மன்றமே இல்லாதபோது

நிதியும் அதிகாரமும் இறங்கி வந்தாலும் அவற்றைக் கையாளும் நாற்காலி யாருக்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. இதே விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நடக்கவிடப்படவில்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத ஊராட்சியில் கேள்விகளும் மேல்நோக்கியே செல்கின்றன.

ஊராட்சிகளை நகரத்தோடு இணைப்பது தீர்வா? வரி வருவாய் ஒன்றாகும் என்பது உண்மை. ஆனால் கிராம சபையும் ஊரக வேலை உறுதித் திட்டமும் போய்விடும். நகரத்தில் கிராம சபைக்கு ஈடாக 2022இல் பகுதி சபைகள் தொடங்கப்பட்டன. வேலையையும் மன்றத்தையும் ஒருசேர இழக்கப்போகும் காலனி மக்களின் ஒப்புதல் இன்றி இணைப்பு நடக்கக் கூடாது.

இப்போதே செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூட வேண்டும். கூட்டத்தை வெவ்வேறு குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். காலனியில் நடத்தக் கோரலாம். ஊராட்சி எல்லைக்குள் உள்ள ஆலைகளின் பெயர், உரிம வகை, முடிவு நாள், கடைசிச் சோதனை நாள் ஆகியவற்றை மன்றத்தில் வைக்கக் கோரும் தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றச் செய்வது முதல் படி.

கல்வி நிதியின் பயனாளிகள் எண்ணிக்கை, விழிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகள், துணைத்திட்டச் செலவு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தணிக்கை அறிக்கையும் கேட்டுப் பெறத்தக்க ஆவணமே.

விபத்து நேர்ந்துவிட்டால் காலக்கெடு முக்கியம். தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுகள். தொழிலாளர் அல்லாதவர் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் ஆட்சியரிடம் விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகள். பட்டியல் சாதியினர், பெண்கள், தொழிலாளர்கள், தொழில் பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இலவச வழக்கறிஞர் உதவியை உறுதிசெய்கிறது. நிவாரணக் காசோலை பெறும்போது நீட்டப்படும் எந்தத் தாளிலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் படித்துச் சொல்லும் முன் கையெழுத்திடக் கூடாது.

அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. ஆலைக்கான தடையில்லாச் சான்றை ஆட்சியர் வழங்கும் முன் கிராம சபையின் கருத்தைக் கேட்க வேண்டும். விபத்து நிவாரணம், குழந்தைகளின் கல்வி நிதி ஆகியவற்றின் கணக்கு பாதிக்கப்பட்ட ஊரின் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை வாசிக்கப்பட வேண்டும். பட்டாசு வட்டார ஊராட்சிகளுக்கு ஊர்ப் பாதுகாப்புக்கெனத் தனி மானியம் ஒதுக்கப்பட்டு, அதில் பட்டியல் சாதியினர் குடியிருப்புகளின் பங்கு தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும். அடுத்த வெடிச்சத்தம் கேட்கும்போது ஓடிச் செல்லப்போவது அந்த ஊரின் மக்கள்தான். தங்கள் பாதுகாப்புக்கான பணம் எங்கே செலவாகிறது என்று அறியும் உரிமை அவர்களுக்கே முதலில் உண்டு.