ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரக் கோயிற் பதிவேடுகளும் முன்னோர் பெயர்களும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்று பழைய கோயிற் பதிவேட்டை நாடிச் செல்லப் பெரும்பாலும் திருமணமே காரணமாகிறது. ஞானஸ்நானச் சான்றிதழ் இன்றி ஓலை வாசிக்க மாட்டார்கள். சான்றிதழுக்காகச் சென்றவர் பாட்டனாரின் பெயரையும் அவர்தம் தந்தையின் பெயரையும் கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. வீட்டில் வழங்கிவரும் பெயர் ஏட்டில் இராது. இராயப்பனைத் தேடுபவர் முன் பெத்ருஸ் வந்து நிற்பார்.

ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் குரு ஏட்டில் எழுதிவைக்க வேண்டுமென 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் விதித்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் உடன் சேர்த்தது. எழுதும் மொழி இலத்தீன். மைசூர்ச் சீமையில் 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் தொடங்கிய பணியை, 1773இல் அச்சபை கலைக்கப்பட்ட பின், பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபைக் குருமார் தொடர்ந்தனர். எனவே எலத்தகிரி, கந்திகுப்பம், மத்திகிரி முதலிய ஊர்களில் முன்னோரைத் தேடுவோர் எதிர்கொள்வது, தமிழ்ப் பெயரைக் காதாற் கேட்டு, இலத்தீனில் எண்ணி, பிரெஞ்சுக் கையால் எழுதிய ஒருவரின் வரிகளையே.

தமிழ்க் கிறித்தவர் பெயர்கள் பல, பொருளறிந்து பெயர்க்கப்பட்டவை. பாறை எனப் பொருள்படும் பேதுரு இராயப்பர் ஆனார். தெலுங்கில் ‘ராயி’ என்றால் கல் என்பதை ஓசூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிறியவர் என்னும் பொருளுடைய பவுல் சின்னப்பர். முடி என்னும் பொருளுடைய ஸ்தேபான் முடியப்பர். இறையருளைக் குறிக்கும் யோவான் அருளப்பர். முதலில் தமிழாக்கியவர் குருவோ உபதேசியாரோ, மொழியறிந்தே செய்திருக்கிறார். ஏடெழுதியவரோ அத்தமிழை மீண்டும் இலத்தீனுக்குத் திருப்பிவிட்டார். ஆகவே, கையெழுத்தைப் படித்தறிந்தால் மட்டும் போதாது. பெயரை மறுமுறை தமிழாக்க வேண்டும். எல்லாப் பெயரும் இவ்வழிக்கு இணங்குவதில்லை. யோசேப்புக்கு வீரமாமுனிவர் தேம்பாவணியில் வளன் என்னும் அழகிய பெயரைச் சூட்டினார். ஊர்வாயில் நிலைத்தது சூசையே.

ஒலியை எழுதிய இடங்களில் வேறோர் இடர் உண்டு. முத்து என்பதன் முதல் உகரத்தைப் பிரெஞ்சுக்காரர் ஓ, யூ என்னும் ஈரெழுத்தால் எழுதுவர். ஆங்கிலப் பழக்கத்தில் படிப்பவர் ‘மௌத்து’ எனத் தடுமாறுவார். வயதுக்கு முன் ‘சிர்சித்தெர்’ என்னும் சொல் வரக்கூடும். ஏறத்தாழ என்பது அதன் பொருள். அதனைக் கவனியாது, இறப்பேட்டில் கண்ட வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணிப்பவர் பத்தாண்டு பிழைபடவும் கூடும். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுதலைமுறையில் திரும்ப வருவதும் குழப்பத்தை மிகுவிக்கும். அப்போது கைகொடுப்போர் ஞானத்தாயும் ஞானத்தந்தையும். உறவுமுறையாரே அப்பொறுப்பை ஏற்பது வழக்கமாதலின், பிரிந்த கிளையை அவர்கள் பெயரைக்கொண்டு ஒட்டவைக்கலாம்.

ஆனால் எத்தகைய வாசிப்பாலும் கடக்கவியலாத இடம் ஒன்றுண்டு. அது தாது வருஷப் பஞ்சம். இவ்வட்டாரத்தை உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் 19,66,995, 1881இல் 15,99,595. இடையில் நின்றவை 1876 – 78ஆம் ஆண்டுகள். பெற்றோர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ‘அறியப்படாதோர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் நின்றுவிட்டால், கொடிவழி அங்கே அறுந்துபோகும். அந்தக் குழந்தையே அக்குடும்பத்தின் முதல் முன்னோர்.

பின்னாளைய தலைமுறைகளுக்கு ஏட்டின் ஓரம் உதவுகிறது. 1908 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒருவர் எங்கே மணம்புரிந்தாலும் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவர் பெயரருகே குறிக்கப்பட வேண்டும். கோலார் தங்கவயலுக்கும் பெங்களூர்த் தண்டுக்கும் பிழைக்கச் சென்றோரை இக்குறிப்பே காட்டிக்கொடுக்கும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஆண்டுதோறும் ஏட்டின் படியொன்றை ஆயரகத்துக்கு அனுப்பவும் பணித்தது. எந்த ஆயரகம் என்பதுதான் வினா. சேலம் மறைமாவட்டமே 1930இல் மைசூர், புதுச்சேரி, கும்பகோணம் ஆகியவற்றின் பகுதிகளைக் கொண்டு உருவானது. 1997இல் அதிலிருந்து தருமபுரி பிரிந்தது. ஊர் நகரவில்லை, ஏட்டின் படி இருக்குமிடம் மாறிற்று.

சிப்காட் ஆலைகளை நம்பி ஓசூரில் குடியேறியோர் இங்கே மணம்புரியும்போது, அதற்கான அறிவிப்புகள் இன்று தென்மாவட்டப் பங்குகளுக்குச் செல்கின்றன.