கூடைப்பந்துக் காலணி: ஆடுகளத் திறன் மதிப்பீடு

கூடைப்பந்துக் காலணியின் ஆடுகளத் திறன் என்பது, ஓட்டம், திடீர் நிறுத்தம், பக்கவாட்டு நகர்வு, தாவல், தரையிறக்கம் ஆகியவற்றின்போது அக்காலணி ஆட்டக்காரரின் காலுக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதைக் குறிக்கும். பிடிமானம், அதிர்வு தாங்கல், நிலைப்பு, பொருத்தம், நீடித்துழைப்பு ஆகிய ஐந்தும் இதன் முதன்மை அளவுகோல்கள். இவற்றை ஆய்வுக்கூடத்தில் பொறிகளைக் கொண்டும், ஆடுகளத்தில் ஆட்டக்காரர்களைக் கொண்டும் அளக்கின்றனர். ஒரே காலணி மரத்தளத்தில் ஒருவிதமாகவும் சிமென்ட் தளத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். எனவே எந்தத் தளம், எந்த ஆட்டக்காரர் என்று குறிப்பிடாத மதிப்பெண் முழுமையானதன்று.

வட்டாரப் பின்னணி

தமிழகத்தின் காலணித் தொழில் வட்டாரத்தில், திருப்பத்தூர் மாவட்டத்தின் வாணியம்பாடியும் ஆம்பூரும், பாலாற்றின் வழியே மேலும் கிழக்கே உள்ள இராணிப்பேட்டையும் தோல் பதனிடுதலுக்கும் ஏற்றுமதித் தோல் காலணிகளுக்கும் பெயர்பெற்றவை. ஆனால் விளையாட்டுக் காலணி பெரும்பாலும் தோலால் ஆனதன்று. செயற்கை இழைத் துணி, ரப்பர், நுரைப் பொருள் ஆகியவையே அதன் மூலப்பொருள்கள். இவ்வகை உற்பத்தி தமிழகத்தில் காலூன்றியது செய்யாறு சிப்காட் தொழிற்பூங்காவில். தைவானைச் சேர்ந்த ஃபெங் டே குழுமத்தின் ஆலை அங்கு நைக்கி நிறுவனத்துக்காகக் காலணிகளைத் தயாரிக்கிறது. தமிழக அரசு 2022 ஆகஸ்டில் காலணி மற்றும் தோல் பொருள்கள் கொள்கையை வெளியிட்டது. 2024-ல் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் தோலல்லாத காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

விளையாட்டின் வேரும் இம்மாநிலத்தில் பழையது. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்து, ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அது பரவத் துணைபுரிந்தது. இந்திய மகளிர் அணியின் தலைவராக இருந்த சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

காலணியின் அமைப்பு

தரையைத் தொடும் ரப்பர் அடுக்கு அவுட்சோல்; நடுவில் அதிர்வைத் தாங்கும் நுரை அடுக்கு மிட்சோல்; பாதத்தை மூடும் மேற்பகுதி அப்பர். இவை மூன்றும் லாஸ்ட் எனப்படும் பாத வடிவ அச்சின் மேல் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. பக்கவாட்டு நகர்வுகள் மிகுதி என்பதால், ஓட்டக் காலணியைவிடக் கூடைப்பந்துக் காலணிக்கு அடிப்பகுதி அகலமாகவும் குதிகால் கிண்ணம் உறுதியாகவும் இருக்கும்.

1917-ல் வெளிவந்த கான்வர்ஸ் ஆல் ஸ்டார் கித்தான் துணியும் ரப்பரும் கொண்ட எளிய காலணி. 1982-ல் வந்த நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1, காற்றுப் பையைக் கூடைப்பந்துக் காலணிக்குள் கொண்டுவந்தது. அதன்பின் எடை குறைந்த நுரைகளும் கரியிழைத் தகடுகளும் சேர்ந்தன.

பிடிமானம்

ஆட்டத்தை நேரடியாகப் பாதிக்கும் பண்புகளில் முதலிடம் பிடிமானத்துக்கே. ஆஸ்திரேலியத் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கண்காணித்து 1995-ல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஆயிரம் முறை அசைவை மாற்றுகிறார். அதாவது ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்திலும் சோல் தரையைப் பற்றியாக வேண்டும். 2015-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காலணியின் எடை, பிடிமானம், முன்பாத விறைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே 20 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் ஆட்டக்காரர்களை ஓடவும் தாவவும் திசைதிரும்பவும் செய்தனர். அவற்றுள் மிகுந்த விளைவை ஏற்படுத்தியது பிடிமானம். எடை மாற்றத்தால் வேறுபாடு தென்படவில்லை.

அவுட்சோலின் பள்ளக்கோடுகளில் மீன்முள் போன்ற வடிவம் நெடுங்காலமாக நிலைத்திருப்பது, அது எல்லாத் திசையிலும் தரையைப் பற்றுவதால்தான். மென்மையான ரப்பர் சுத்தமான மரத்தளத்தில் இறுகப் பற்றும். தூசி படிந்தால் விரைவில் வழுக்கும். பள்ளங்கள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் தூசி அவற்றில் ஒதுங்கிப் பிடிமானம் ஓரளவு காக்கப்படும். ஆனால் பிடிமானம் எல்லையின்றிக் கூடுவதும் நன்றன்று. பாதம் தரையில் ஊன்றி நிற்க உடல் திரும்பினால், அந்த முறுக்கு விசையைக் கணுக்காலும் முழங்காலும் ஏற்க நேரிடும். எனவே நேர்கோட்டுப் பிடிமானத்தையும் சுழற்சிப் பிடிமானத்தையும் தனித்தனியே அளப்பது முறை.

அதிர்வு தாங்கலும் நிலைப்பும்

தாவித் தரையிறங்கும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு விசை பாதத்தின் மேல் விழுகிறது. மிட்சோல் அந்த விசையைச் சற்றே நீண்ட நேரத்துக்குப் பரப்பி உச்சத்தைக் குறைக்கிறது. தடித்த மென்மையான நுரை அதிர்வை நன்கு தாங்கும். ஆனால் அது தரையின் உணர்வை மறைப்பதோடு, பாதத்தை உயரத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் சாயவும் விடும். வெட்டித் திரும்பும் கார்டு நிலை ஆட்டக்காரர் மெல்லிய அடுக்கையும், கூடைக்கு அடியில் மோதி ஆடும் சென்டர் தடித்த அடுக்கையும் விரும்புவது இதனால்தான்.

கணுக்கால் சுளுக்கு கூடைப்பந்தில் மிகுதியாக நேரும் காயங்களுள் ஒன்று. உயரமான கழுத்துள்ள காலணி அதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 622 கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு உயரக் கழுத்து, தாழ்கழுத்துக் காலணிகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது, சுளுக்கு வீதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2001-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, முன்பே சுளுக்கு ஏற்பட்டவர்களுக்கும், குதிகாலில் காற்றறை உள்ள காலணி அணிந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல் எனக் கண்டது. ஆகவே கழுத்தின் உயரத்தைவிட அடிப்பகுதியின் அகலம், குதிகால் பிடிப்பு ஆகியவற்றையே நிலைப்புக்கான அடையாளங்களாகக் கொள்வது பொருத்தம்.

பொருத்தம்

பாதம் காலணிக்குள் நழுவினால் மற்ற நற்பண்புகள் பயன்தரா. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியப் பாதங்களுக்கெனத் தனி அளவுமுறையை உருவாக்க 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. மேலைநாட்டு அளவுகளைவிட இந்தியப் பாதங்கள் அகலமானவை என அது கண்டறிந்தது. அயல்நாட்டு லாஸ்ட்டில் செய்த குறுகிய காலணியை நம் ஆட்டக்காரர்கள் ஓர் அளவு கூட்டி வாங்குவதால் அகலம் சரியானாலும் நீளம் மிஞ்சிக் குதிகால் நழுவுகிறது.

ஆய்வுக்கூடச் சோதனைகள்

ரப்பரின் கடினத்தன்மையை ஷோர் ஏ அளவில் குறிப்பர். தேய்மானச் சோதனையில், ரப்பர் துண்டை உப்புத்தாள் சுற்றிய உருளையின் மேல் 10 நியூட்டன் அழுத்தத்தில் 40 மீட்டர் தூரம் உராயவிட்டு, இழந்த கன அளவைக் கன மில்லிமீட்டரில் கணக்கிடுவர். எடைக்கட்டியைக் குதிகால் பகுதியின் மேல் விழச்செய்து அதிர்வு தாங்கலை அளப்பர். முன்பாகத்தைத் திரும்பத்திரும்ப வளைத்து விரிசலையும், சோலை அப்பரிலிருந்து இழுத்து ஒட்டின் வலிமையையும் பார்ப்பர். விளையாட்டுக் காலணிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15844 என்ற தரநிலையை வகுத்துள்ளது.

ஆடுகளச் சோதனை

புதுக் காலணியைச் சில பயிற்சிகளில் பழக்கிய பின்னரே மதிப்பிடுவது வழக்கம். தற்காப்புப் பக்க நகர்வு, வேக ஓட்டத்திலிருந்து இருகால் நிறுத்தம், ஊன்றுகாலில் சுழலல், லே-அப் (கூடையருகே ஓடித் தாவி எறிதல்), தொடர் தாவல் ஆகியவை இதற்குரிய அசைவுகள். அதே ஆட்டக்காரர் அதே தளத்தில் பழைய காலணியோடு ஒப்பிட வேண்டும். களைப்பு முடிவைத் திரிக்காதிருக்க அணியும் வரிசையை மாற்ற வேண்டும்.

எதிர்பார்ப்பும் முடிவைத் திரிக்கும். கால்கரியில் செய்து 2016-ல் வெளியிட்ட சோதனையில், காலணிகளின் எடை வேறுபாட்டை அறிந்தவர்கள் இலேசான காலணியில் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதலாகத் தாவினர். அறியாதவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. விலையும் விளம்பரமும் தெரிந்தவரின் தீர்ப்பை இதனால் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும்.

சிமென்ட் தளமும் வெப்பமும்

மதிப்புரைகள் பலவும் மூடிய அரங்கின் மேப்பிள் மரத்தளத்தை மனத்தில் கொண்டவை. தமிழகத்தில் பள்ளி, கல்லூரி, ஊர்க்கழக ஆடுகளங்கள் பல திறந்தவெளிச் சிமென்ட் தளங்கள். சொரசொரப்பான சிமென்ட், மென்ரப்பர் சோலின் பள்ளங்களை விரைவில் தேய்த்துவிடும். பள்ளம் மறைந்த இடத்தில் மணல் துகள் பட்டால் காலணி சறுக்கும். கடினத் தளம் தானாக அதிர்வை உள்வாங்காது என்பதால் மிட்சோலின் பங்கும் கூடுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க காற்றில் பாலியூரித்தேன் நுரை நீராற்பகுப்புக்கு உள்ளாகும். அணியாமல் பெட்டியில் பல ஆண்டுகள் வைத்திருந்த காலணியின் சோலும் பொடிந்து உதிர்வது இதனால்தான்.

இத்தகைய தளங்களில் மதிப்பீட்டின் வரிசை மாறுகிறது: முதலில் தேய்மானம் தாங்கும் தடித்த அவுட்சோல், அடுத்துக் குதிகால் பிடிப்பும் அகலமும், பிறகு அதிர்வு தாங்கல், கடைசியில் எடை. பெருவிரல் மேட்டுக்குக் கீழே பள்ளக்கோடுகள் மழுங்கியதும் அக்காலணியின் ஆட்டக்காலம் முடிந்தது. அப்பர் புதிதுபோல் இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும்.