வாசலில் நின்ற மனிதர்



"உங்களை இந்த நிலைக்கு ஆளாக்கியவர்கள் யார்?" என்று யாராவது கேட்டால், நாம் உடனே சில பெயர்களைச் சொல்லிவிடுவோம். அம்மா, அப்பா, பள்ளியில் ஓர் ஆசிரியர், முதல் நற்கருணைக்கு நம்மைத் தயாரித்த அருட்சகோதரி, ஞானப்பெற்றோர். இவர்களைச் சொல்வது முறைதான். ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறாத சிலரும் நம் ஒவ்வொருவர் வாழ்விலும் இருக்கிறார்கள். அவர்கள் மேடையில் நின்றவர்கள் அல்ல, வாசலில் நின்றவர்கள். அதனால் அவர்கள் பெயர் எளிதில் நம் நாவில் வருவதில்லை.

நாங்கள் குருமடத்தில் படித்த நாட்களில் வாசலில் ஒரு பெரியவர் காவலுக்கு இருந்தார். காக்கிச் சட்டை, கையில் ஒரு சாவிக்கொத்து. வீட்டிலிருந்து எங்களைப் பார்க்க யார் வந்தாலும், முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பவர் அவர்தான். விடுமுறை முடிந்து கனத்த மனத்தோடு நாங்கள் திரும்பும்போது, "அம்மா நல்லா இருக்காங்களா, பிரதர்?" என்று கேட்பார். இறையியலைப் பேராசிரியர்களிடம் கற்றோம். வந்தவரை எப்படி வரவேற்பது என்பதை அவரிடம்தான் கற்றோம். ஒரு பங்கு இல்லத்தின் கதவு எங்கள் பொறுப்புக்கு வந்த பிறகே அது எங்களுக்குப் புரிந்தது. புரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவரை நினைக்கும்போதெல்லாம் திருச்சபை வரலாற்றில் இன்னொரு வாயில் காப்பாளர் நம் நினைவுக்கு வருகிறார். இன்று அவருடைய கதையைக் கேட்போம்.

ஸ்பெயின் நாட்டில் செகோவியா என்று ஒரு நகரம். கம்பளி வணிகத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு கம்பளி வணிகரின் குடும்பத்தில், 1530-களின் தொடக்கத்தில் பிறந்தவர் அல்போன்ஸ் ரொட்ரிகஸ். அவர் சிறுவனாக இருந்தபோது, அந்த ஊருக்கு மறையுரை ஆற்ற வந்த ஒரு குரு அவர்கள் வீட்டில் தங்கினார். சிறுவன் அல்போன்சை முதல் நற்கருணைக்குத் தயாரித்தவர் அவரே. அந்தக் குருவின் பெயர் பீட்டர் ஃபேபர்.

யார் இந்த ஃபேபர்? சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். படிக்க வேண்டும் என்ற ஆசையால் பாரிஸ் நகருக்குப் போனார். அங்கே அவருடைய அறைத் தோழர் நம் புனித சவேரியார். 1529-இல் அதே அறைக்கு வந்து சேர்ந்தார் இஞ்ஞாசியார். ஃபேபர் இஞ்ஞாசியாருக்கு மெய்யியல் பாடத்தில் உதவினார். மனக் குழப்பத்தால் அலைக்கழிக்கப்பட்ட ஃபேபருக்கு இஞ்ஞாசியார் ஆன்மீக வழிகாட்டினார். 1534 ஆகஸ்ட் 15-ஆம் நாள், மோன்மார்த்ர் குன்றில் ஏழு தோழர்கள் கூடி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, அவர்களில் ஃபேபர் ஒருவரே குரு. திருப்பலி நிறைவேற்றியவர் அவர்தான்.

இந்த அறைத் தோழர்களுக்கு இடையே இருந்த பாசம் எப்படிப்பட்டது தெரியுமா? 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டி எடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டார். 1546-இல் அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். தம்மை உருவாக்கியவர்களை அவர் நெஞ்சோடு சுமந்து திரிந்தார்.

ஓர் அறைத் தோழர் கடல் கடந்து நம் கரைக்கு வந்தார். இன்னொருவர் செகோவியாவில் ஒரு வணிகர் வீட்டுச் சிறுவனுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தார். முதலாவது உலகறிந்த செய்தி. இரண்டாவதை அன்று யாரும் குறித்து வைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்தச் சிறுவன் அதை மறக்கவில்லை.

அல்போன்சின் வாழ்க்கை நினைத்தபடி அமையவில்லை. தந்தை இறந்துபோக, படிப்பு பாதியில் நின்றது. குடும்பத் தொழிலை ஏற்க வேண்டியதாயிற்று. திருமணம் செய்தார், குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் மனைவியையும் பிள்ளைகளையும் ஒருவர்பின் ஒருவராகச் சாவு கொண்டுபோனது. தாயும் போனார். தொழிலும் நலிந்தது. நாற்பது வயதை நெருங்கும்போது, அவருக்கென்று மனைவியோ பிள்ளையோ இல்லை.

அந்த நிலையில் இயேசு சபையின் கதவைத் தட்டினார். குருவாக வேண்டும் என்று விரும்பினார். அதற்காகச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து இலத்தீன் படிக்கவும் முயன்றார். படிப்பும் போதவில்லை, உடல்நலமும் இல்லை என்று மறுப்பு வந்தது. அவர் மனம் தளரவில்லை. கடைசியில், 1571 ஜனவரியில், குருவாக அல்ல, அருட்சகோதரராக ஏற்கப்பட்டார். அதே ஆண்டில் மயோர்க்கா தீவின் பால்மா நகரிலுள்ள மோந்தேசியோன் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே 46 ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதி வாசலில் கழிந்தது.

வாயில் காப்பாளர் வேலை என்றால் என்ன? மணி அடித்தால் கதவைத் திறக்க வேண்டும். வந்தவரை உட்கார வைத்து, உள்ளே போய் உரியவரைத் தேடி அழைத்து வர வேண்டும். கடிதங்களைக் கொடுக்க வேண்டும். பசி என்று வருபவருக்கு உணவு கொடுக்க வேண்டும். மனக்கவலையோடு வருபவர் பேசி முடிக்கும் வரை கேட்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை மணி அடிக்கும்! அடிக்கிற ஒவ்வொரு முறையும், "வருகிறேன் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டேதான் அல்போன்ஸ் கதவை நோக்கி நடப்பாராம். வெளியே நிற்பது கடவுளே என்று அவர் நம்பினார்.

1605-ஆம் ஆண்டு அந்தக் கல்லூரிக்கு இளம் துறவி ஒருவர் மெய்யியல் படிக்க வந்தார். கத்தலோனியா பகுதியின் வெர்தூ என்ற ஊரைச் சேர்ந்த பீட்டர் கிளேவர். வயது 25. நன்கு படித்தவர், ஆனால் தயக்கம் மிகுந்தவர். குருவாகும் தகுதி தமக்கு உண்டா, கடவுள் தம்மிடம் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் தவித்தவர். அங்கே பேராசிரியர்கள் பலர் இருந்தார்கள். கிளேவரோ எழுபது வயதைக் கடந்த அந்த அருட்சகோதரரைத் தேடிப் போனார். மேலாளரின் அனுமதியோடு இருவரும் சந்தித்துப் பேசுவது வழக்கமாயிற்று. இலத்தீன் சரியாக வராத முதியவர் பேசினார். பட்டப்படிப்பு மாணவர் கேட்டார்.

கடலுக்கு அப்பால் அமெரிக்க நாடுகளில் ஆன்மாக்கள் காத்திருக்கின்றன, அங்கே போ என்று அல்போன்ஸ் அவரைத் தூண்டினார். தாம் போக முடியாத இடத்துக்கு அந்த இளைஞரை அனுப்பினார். தம் கைப்பட எழுதிய ஆன்மீகக் குறிப்பேடு ஒன்றையும் அவருக்குக் கொடுத்தார். 1608-இல் கிளேவர் இறையியல் படிக்கப் புறப்பட்டுப் போனார். 1610-இல் கப்பலேறினார். அதன்பின் இருவரும் சந்திக்கவே இல்லை.

கிளேவர் போய்ச் சேர்ந்த இடம், இன்றைய கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனா துறைமுகம். ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட மக்கள் அடிமைகளாக விற்கப்பட்ட பெரிய சந்தை அது. கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, வெளிச்சமும் காற்றும் இன்றி வந்தார்கள். வழியிலேயே பலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் தங்களைக் கொல்லத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்ற அச்சத்தோடு கரையிறங்கினார்கள்.

அங்கே இவர்களிடையே ஏற்கெனவே பணியாற்றிவந்தவர் அருட்பணியாளர் அலோன்சோ தெ சந்தோவால். கிளேவர் அவரிடம் வேலை கற்றார். 1616-இல் குருவானார். கப்பல் வந்துவிட்டது என்று செய்தி கேட்டதும் விரைந்து போவார். கையில் தண்ணீர், எலுமிச்சை, ஆரஞ்சு, ரொட்டி, மருந்து. முதலில் பிரசங்கம் இல்லை. முதலில் தாகம் தீர்ப்பது, புண்ணைக் கழுவுவது, சாகும் தறுவாயில் இருப்பவரைத் தேடுவது. குளிரில் நடுங்கும் நோயாளியைத் தம் மேலங்கியால் போர்த்துவார். பிறகுதான் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கடவுளைப் பற்றிப் பேசுவார். வெளியே நிற்பது ஆண்டவர்தான் என்று பால்மாவில் கற்ற பாடத்தை, கப்பலின் அடித்தளத்துக்கு அவர் எடுத்துச் சென்றார். 1622-இல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, ஆப்பிரிக்க மக்களுக்கு என்றென்றும் அடிமை என்று தம்மைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டார். அவர் திருமுழுக்குக் கொடுத்தவர்கள் மூன்று லட்சம் பேர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளேவருக்கு மொழிபெயர்ப்பாளர்களாக உதவிய ஆப்பிரிக்கர்கள் அந்தக் கல்லூரியின் உடைமையாக, அடிமைகளாகவே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அங்கோலாவைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சகபூச்சே. கிளேவரின் புனிதத்தைப் பற்றி விசாரணை நடந்தபோது சாட்சி சொன்னவர்களில் அவரும் ஒருவர். அடிமைகளை அன்பு செய்த புனிதர்களும்கூட, அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இது நம் திருச்சபை வரலாற்றின் காயம். நம்மை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்வது, அவர்களிடம் குறையே இல்லை என்று சாதிப்பது ஆகாது. ஆந்த்ரேஸ் போன்றவர்கள் கப்பலுக்கும் கிடங்குக்கும் உடன் சென்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை என்றால், கிளேவரின் பணியே நடந்திருக்காது. அவர்களும் வாசலில் நின்றவர்களே.

1617 அக்டோபர் 31-ஆம் நாள் அல்போன்ஸ் பால்மாவில் இறந்தார். கிளேவர் குருவாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தாம் வாசலில் விதைத்த விதை என்ன மரமாயிற்று என்பதை அவர் தம் கண்ணால் பார்க்கவில்லை. அவரை உருவாக்கிய ஃபேபரும் அப்படித்தான். 1546-இல் அவர் இறந்தபோது அல்போன்ஸ் இன்னும் சிறுவன்.

கிளேவரின் முடிவும் எளிதாக இல்லை. 1650-இல் நோயால் உடல் செயலிழந்தது. நான்கு ஆண்டுகள் ஒரு சிறு அறையில், போதிய கவனிப்பின்றிக் கிடந்தார். ஆயிரமாயிரம் பேரைத் தேடிப் போனவரைத் தேடி வந்தவர்கள் சிலரே. 1654 செப்டம்பர் 8-ஆம் நாள், நாம் வேளாங்கண்ணியில் அன்னையின் பிறந்தநாளைக் கொண்டாடும் அதே நாளில், அவர் இறைவனடி சேர்ந்தார். அல்போன்ஸ் கொடுத்த குறிப்பேட்டை அவர் அதுவரை பாதுகாத்து வைத்திருந்தார்.

1888 ஜனவரி 15-ஆம் நாள், திருத்தந்தை 13-ஆம் லியோ இருவரையும் ஒரே நாளில் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். 1608-இல் பிரிந்தவர்களைத் திருச்சபை 280 ஆண்டுகள் கழித்து ஒரே பீடத்தில் சேர்த்து வைத்தது. அவர்களுக்கெல்லாம் முன்னோடியான ஃபேபருக்கு அந்த நாள் 2013 டிசம்பரில், திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில்தான் வந்தது.

அன்பார்ந்தவர்களே, இந்தக் கதை நம்மிடம் கேட்பது என்ன?

முதலாவது, நன்றி. உங்களைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற பேருந்து நடத்துநர், கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் நகையை அடகு வைத்துக் கொடுத்த அத்தை, கோவிலில் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார், மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர். இவர்களில் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். நாங்கள் குருமடத்துப் பெரியவரைத் தேடிப் போனபோது, அவர் மகன்தான் கதவைத் திறந்தார். "அப்பா உங்க எல்லாரையும் பத்தி அடிக்கடி சொல்லிக்கிட்டே இருப்பார் ஃபாதர்" என்றார். எங்கள் பெயர்களெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. அவருடைய முழுப் பெயரை அன்றுதான் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த வெட்கம் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது, நம் வாசல். நாமும் யாரோ ஒருவருக்கு வாயில் காப்பாளர்தான். கடையில் நிற்பவர், அலுவலகத்தில் மனு வாங்குபவர், வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி, எல்லோரும் ஒரு கதவருகில்தான் நிற்கிறோம். சின்னஞ்சிறியவருக்குச் செய்வதைத் தமக்கே செய்ததாக ஏற்கும் ஆண்டவர் எந்த முகத்தோடு வருவார் என்று நமக்குத் தெரியாது. வருபவர் முகம் பார்த்து, சட்டை பார்த்து, சாதி பார்த்துக் கதவைத் திறந்தோமானால், அவரையே வெளியே நிறுத்திவிடுவோம்.

மூன்றாவது, பொறுமை. பலன் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பிள்ளைகளுக்குச் சொன்னது வீணாயிற்றோ என்று கலங்கும் பெற்றோரே, மாணவர் மறந்துவிட்டார்களே என்று வருந்தும் ஆசிரியர்களே, அல்போன்சை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வந்தவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைக் கடவுள் பார்த்துக்கொண்டார்.

செபிப்போம். அன்பின் இறைவா, எங்களை உருவாக்க நீர் அனுப்பிய எல்லோருக்காகவும், சிறப்பாக எங்களுக்குப் பெயர் தெரியாதவர்களுக்காகவும் உமக்கு நன்றி கூறுகிறோம். எங்கள் கதவு தட்டப்படும்போது, "வருகிறேன் ஆண்டவரே" என்று சொல்லி எழுந்து போகும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.