கல்யாண வேலி: வட கரோலினா, 1875ம் 2012ம்

பஞ்சாயத்துங்கிற சொல் நமக்கு எப்படி அறிமுகமாச்சு? சாதி விட்டுச் சாதி கட்டிக்கிட்ட ஜோடியைக் கூட்டி வச்சு அறுத்து விடுற இடமாகத்தான். கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அவை ஓயவில்லை. தேர்தல் நடத்தி அமைத்த பஞ்சாயத்தில் தலைவராக வந்த மேலவளவு முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக வைக்கக் கூடாது என்று 1948இல் அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசினாரே, அந்தப் பேச்சில் வளர்ந்தவன் நான். "உள்ளூர்க்காரங்களே முடிவு பண்ணட்டும்" என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். அந்தச் சந்தேகத்தோடுதான் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள வட கரோலினா மாநிலத்தின் வரலாற்றைப் படித்தேன்.

அடிமை முறை ஒழிந்து பத்து வருஷம் ஆன நேரம். கறுப்பின மக்கள் வோட்டுப் போட்டார்கள், சட்டமன்றத்தில் உட்கார்ந்தார்கள். இதைப் பொறுக்க மாட்டாத வெள்ளை ஆதிக்கக் கூட்டம் 1875இல் மாநாடு கூட்டி மாநில அரசியலமைப்பைத் திருத்தியது. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் நடக்கும் கல்யாணம் என்றைக்கும் செல்லாது. மூன்று தலைமுறைக்குள் கறுப்பு மூதாதை இருந்தாலும் செல்லாது. பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பள்ளிக்கூடம். இதே மூட்டைக்குள் இன்னொரு திருத்தமும் இருந்தது. கவுண்டி எனப்படும் மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பை விருப்பம்போல மாற்றும் அதிகாரத்தைச் சட்டமன்றம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. காரணம் வெளிப்படை: மாநிலத்தின் கிழக்கே கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்த கவுண்டிகளில் அவர்களே நிர்வாகத்துக்கு வந்துவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு வேலி போட்ட கையேதான் உள்ளூர் மன்றத்தின் வாயையும் கட்டியது. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இளைஞர் அம்பேத்கர் வாசித்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலி போடுகிறவனுக்கு அதைக் காவல் காக்கும் ஆபீசும் வேண்டும்.

1967இல் லவ்விங் வழக்கின் தீர்ப்பு இந்தத் தடைகளை நாடு முழுக்க ஒழித்தது. வட கரோலினா அரசியலமைப்பிலிருந்து அந்த வரி 1971இல்தான் போனது. பிறகு 1996இல் ஒரே பாலினத்தவரின் திருமணத்தை மறுத்து ஒரு சாதாரணச் சட்டம் வந்தது. 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு மாநிலத்தின் இரு அவைகளையும் பிடித்ததும், இருக்கிற சட்டம் போதாது, அரசியலமைப்பிலேயே எழுதணும் என்று கிளம்பினார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் செய்யும் திருமணம் ஒன்றே மாநிலத்தில் செல்லுபடியாகும் குடும்ப ஒப்பந்தம் என்பது திருத்தம். வாக்கியம் சின்னது, வலை பெரிசு. சிவில் யூனியன், பதிவு செய்த துணைவர் உறவு எல்லாமே அதில் விழும். கல்யாணம் கட்டாமல் சேர்ந்து வாழும் ஆண்-பெண்ணும் தப்ப முடியாது. ஒஹையோவில் 2004இல் இப்படி ஒரு திருத்தம் வந்ததும், கூட வாழ்ந்த பெண்ணை அடித்தவர்கள் "நாங்க கல்யாணம் பண்ணலியே, குடும்ப வன்முறைச் சட்டம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கோர்ட்டில் வாதாடினார்கள். 2007இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது தீர்ந்தது.

கார்பரோ, சேப்பல் ஹில் நகராட்சிகள் 1990களின் நடுவிலேயே தங்கள் ஊழியர்களின் ஒரே பாலினத் துணைவர்களுக்குச் சலுகைகள் கொடுத்திருந்தன. திருத்தம் வந்தால் அது பறிபோகும். ஆகவே அவையும் டர்ஹாம், ஆரஞ்சு கவுண்டி, கிரீன்ஸ்போரோ மன்றங்களும் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. கிரீன்ஸ்போரோ என்றால் நமக்குத் தெரிந்த ஊர்தான். 1960 பிப்ரவரியில் நாலு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான கடை மேடையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்களே, அந்த ஊர். நம்ம டீக்கடை இரட்டைக் குவளைக்கு அண்ணன் முறை.

தீர்மானத்தால் என்ன ஆகும்? சட்டப்படி ஒண்ணும் ஆகாது. அங்கே நகராட்சியும் கவுண்டியும் மாநிலம் தந்த அதிகாரத்தில் மட்டுமே நிற்பவை. ஆனால் ஒரு காரியம் நடந்தது. திருமணச் சமத்துவத்தை எதிர்த்த ஒரு தேசிய அமைப்பின் உள் ஆவணங்கள் 2012 மார்ச்சில் வெளியாயின. கறுப்பின மக்களுக்கும் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் நடுவே ஆப்பு அடிப்பதே திட்டம் என்று அதில் எழுதியே வைத்திருந்தார்கள். பள்ளரையும் பறையரையும் சக்கிலியரையும் மோத விட்டுப் பார்க்கிறவர்களை அறிந்த நமக்கு இது புதுசா? கறுப்பினப் போதகர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். மாநில கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் தலைவரும் போதகருமான வில்லியம் பார்பர், உங்கள் சபை எதை நம்பினாலும் சரி, சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையின் வோட்டுக்கு விடாதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். மன்றத் தீர்மானங்கள் இப்படிப் பேசியவர்களுக்கு உள்ளூரிலேயே ஒரு மேடையாச்சு.

2012 மே 8 அன்று திருத்தம் ஜெயித்தது. ஆதரவு 61 விழுக்காடு. நூறு கவுண்டிகளில் எட்டுதான் எதிர்த்தன. ஆரஞ்சும் டர்ஹாமும் அதில் உண்டு. கிரீன்ஸ்போரோ இருக்கும் கில்ஃபோர்டு கவுண்டியே ஆதரித்துத்தான் வோட்டுப் போட்டது. மன்றம் ஒரு பக்கம், ஜனம் மறு பக்கம். நம்மில் சிலர் உள்ளாட்சியை ஜனங்களின் குரல் என்று புகழ்வதை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்.

எதிர்த்த எட்டில் பங்கோம் கவுண்டியும் ஒன்று. அங்கே திருமண உரிமச் சீட்டு தருகிற அதிகாரி ட்ரூ ரெய்சிங்கர், தேர்தலில் ஜெயித்து வந்தவர். 2013 அக்டோபரில் ஒரே பாலின ஜோடிகளின் விண்ணப்பங்களை வாங்கி வைத்துக்கொண்டு, என்ன செய்யட்டும் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதினார். சீட்டு கிடைக்கவில்லை, ஆனால் ஜன்னல் திறந்தது. 2014 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, ஆபீஸ் மூடும் வேளை தாண்டி ஃபெடரல் நீதிபதி மேக்ஸ் காக்பர்ன் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். பங்கோமிலும் தலைநகர் ராலே இருக்கும் வேக் கவுண்டியிலும் ஊழியர்கள் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்து அன்று இரவே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

2015 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் வேறு வழி கண்டுபிடித்தது. மத நம்பிக்கை இருந்தால் மாஜிஸ்ட்ரேட்டுகள் திருமணம் செய்து வைக்கும் வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றது. ஆளுநர் மறுத்தும் நிறைவேற்றியது. 1976இல் இதே மாநிலத்தில், கண்பார்வை குறைந்த ஒரு கறுப்பு-வெள்ளை ஜோடிக்குக் கல்யாணம் செய்து வைக்க மாஜிஸ்ட்ரேட்டுகள் இதே மத நம்பிக்கையைச் சொல்லி மறுத்திருந்தார்கள். ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த அந்த இருவரும், வயதான காலத்தில், 2015 டிசம்பரில் புதிய சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் தங்கள் பெயரையும் சேர்த்தார்கள்.