காடில்லாத கோட்டை



தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர் வாடகைக்குப் பிடித்து, முற்றத்தில் ரெலிவிஷனை வைத்து விடியவிடியப் படம் பார்த்த தலைமுறை எங்களுடையது. அப்படி ஓரிரவு பார்த்த கௌபோய் படத்தில் மரக்கோட்டை ஒன்று வந்தது. உள்ளே இருந்தோர் நல்லவர். வெளியே குதிரையில் வந்தோர் கெட்டவர். கோட்டை எவருடைய நிலத்தில் நிற்கிறது என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நின்ற பில் கார்னிக் கோட்டையின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதே அக்கேள்வி பிறந்தது.

மொன்டானாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும், அங்கு விரைந்தோர் பொஸ்மன் பாதை என்னும் குறுக்குவழியைப் பிடித்தனர். அது லக்கோட்டா மக்களின் வேட்டை நிலத்தை ஊடறுத்துச் சென்றது. 1866 ஜூனில் அப்பாதைக்கு இணக்கம் கேட்டு அரசாங்கம் அவர்களுடன் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு முடியுமுன்பே, கோட்டை கட்டும் படையுடன் கேர்ணல் கறிங்டன் வந்து சேர்ந்தார். கேட்பது ஒரு கை, எடுப்பது மறுகை! லக்கோட்டாத் தலைவர் ரெட் கிளவுட் (செம்முகில் என்பது அப்பெயரின் பொருள்) சினந்து வெளியேறினார். அடுத்த மாதமே கோட்டை வேலை தொடங்கிற்று.

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்கு வள்ளுவர் நினைவு வராமற் போகுமா? அரண் அதிகாரத்தில் அவர் நீர், வெளிநிலம், மலை, காடு என நான்கு வேண்டும் என்கிறார். கறிங்டன் தேர்ந்த இடத்தில் ஓடைகள் இருந்தன, புல்வெளி இருந்தது, மலையும் இருந்தது. காடு மட்டும் ஐந்து மைல் தொலைவில்! மதிலுக்கும் மரம் வேண்டும். பனிக்காலத்தில் அடுப்புக்கும் மரம் வேண்டும். ஆகவே கோட்டையை முற்றுகையிடும் தேவையே லக்கோட்டாக்களுக்கு இருக்கவில்லை. விறகு வண்டிகளை மறித்தாற் போதும்.

1866 டிசம்பர் 21 அன்றும் அவ்வாறே மறித்தனர். வண்டிகளை மீட்கப் புறப்பட்ட கப்டன் பெற்றர்மன், தோற்றோடுவதுபோல் நடித்த சில குதிரை வீரரைத் துரத்தி மலைமுகட்டைக் கடந்தார். முகட்டைக் கடக்காதே எனத் தாம் கட்டளையிட்டதாகக் கறிங்டன் பின்னர் கூறினார். அப்பால் லக்கோட்டா, செயென், அரப்பாகோ வீரர்கள் பெருந்திரளாகக் காத்திருந்தனர். பெற்றர்மன் உட்பட 81 பேரும் மாண்டனர்.

1868 உடன்படிக்கையில் கோட்டைகளைக் கைவிட அரசாங்கம் இணங்கிற்று. இருப்புப்பாதை மேற்கே நீண்டதால் பொஸ்மன் பாதையின் அவசியம் குறைந்ததும் ஒரு காரணந்தான். எனினும், சொல்லை நம்பிச் செம்முகில் கையெழுத்திடவில்லை. படையினர் வெளியேறி, கோட்டை எரிந்து சாம்பலான பின்னரே, நவம்பரில் எழுதுகோலைத் தொட்டார். எரித்தவர்கள் செயென் இனத்தவர் என்பர்.

அந்த எச்சரிக்கையும் போதவில்லை. 1874இல் கருங்குன்றுகளில் தங்கம் கண்டார்கள். 1877இல் அக்குன்றுகள் சட்டத்தினாலேயே பறிக்கப்பட்டன. 1980இல் உயர்நீதிமன்றம் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தபோது, பணம் வேண்டாம், நிலமே வேண்டும் என்றனர் அம்மக்கள்.

பெற்றர்மன் வீழ்ந்த முகட்டில் கற்றூண் ஒன்று நிற்கிறது. உயிர் தப்பியோர் எவருமிலர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அன்று மாலை அதே முகட்டிலிருந்து உயிரோடு வீடு திரும்பியோர் பல நூற்றுவர்.